முள் நடுவில் வரும்போது

"அது ஆம்பளை வண்டிம்மா, உதைச்சா காலை உடைச்சிடும்." மயிலாப்பூரில் எங்கள் தெருவில், அப்பாவின் பழைய புல்லட்டைப் பற்றி என்னிடம் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த அப்பாவும் புல்லட் சாவியைத் தம்பியிடம்தான் கொடுத்தார்.

இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் உருவான வண்டி அது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியது. வண்டி திருவொற்றியூருக்கு வந்தது. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பிறகும் இங்கே நிற்கவில்லை. ஒற்றை சிலிண்டர், 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ.; பிஸ்டன் ஏறி இறங்குவதோ 90 மி.மீ. அந்த நீண்ட ஓட்டமும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்ததுதான் தெருமுனையிலேயே அப்பா வருவதைச் சொல்லிவிடும் அந்த நிதானமான சத்தம்.

அப்பாவின் காரியம் முடிந்த வாரம், வண்டியை விற்றுவிடலாம் என்றான் தம்பி. அவன் வெளியே போயிருந்தபோது நான் உதைத்துப் பார்த்தேன். பத்து முறை. கிக்கர் திருப்பியடித்ததில் முழங்காலுக்குக் கீழே கன்றிப்போனது. அம்மா வாசலுக்கு வந்தார்.

"ஏண்டி கண்ணை மூடிக்கிட்டு உதைக்கிற? மொதல்ல முள்ளைப் பாரு."

ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்மீட்டர் முள். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்தினால், ஒரு பக்கம் சாய்ந்த முள் ஓரிடத்தில் நடுவுக்கு வரும். பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு உச்சியை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே உதைத்தால்தான் எஞ்சின் திருப்பியடிக்கும். டீகம்ப்ரஸரைப் பிடித்தால் அடைபட்ட காற்று வெளியேறும். கிக்கரை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, உச்சியைத் தாண்டியதும் டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழுதாக ஓர் உதை. அடுத்த அழுத்தம் வருவதற்குள் ஃப்ளைவீல் வேகம் பிடித்துவிடும்.

ஒரே உதையில் கிளம்பியது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"முப்பது வருஷமா பையைப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துல நின்னேனே. வண்டி கிளம்பினாத்தானே நான் ஏற முடியும்?"

"நீ உதைச்சுப் பார்த்ததே இல்லையா?"

"யாரு உதைக்கச் சொன்னா?"

1934இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், ப்ரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் நார்ட்டன் வண்டியில் மணிக்கு 100 மைலைத் தாண்டித் தங்க நட்சத்திரம் வாங்கினார். அவர் கைக்கு ஸ்பேனர் எட்டியது. அம்மாவுக்குக் கிடைத்தது பின்சீட், அங்கிருந்தே கற்றுக்கொண்டார். பலம் வேண்டும் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும் என்பதை யாரும் சொல்லவில்லை.

வண்டியை விற்கவில்லை. சாவி இப்போது அம்மாவின் இடுப்பில். வண்டியை எடுக்க வேண்டுமென்றால் தம்பியும் நானும் அவரைத்தான் கேட்க வேண்டும்.