ரகரம் றகரமான கதை

2014-ல் தில்லி நேரு பிளேஸில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் என்னுடையது. ஆறு புத்தகங்களை அதில்தான் மொழிபெயர்த்தேன். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டுமாம். என் கிழட்டு மெஷினில் அது கிடையாது. பணம் செலவழிக்க மனமில்லை. கோப்புகளை வெளியே பிரதி எடுத்து வைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து உபுண்டு லினக்ஸை நிறுவ உட்கார்ந்தேன்.

முதல் முறை பாதியில் திரை உறைந்தது. இரண்டாம் முறை ஏதோ ஒரு கோப்பை விரிக்க முடியவில்லை என்று நின்றது. மூன்றாம் முறை தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. இறக்கிய கோப்பின் செக்சம் எண்ணை ஒப்பிட்டேன், சரியாகத்தான் இருந்தது. பென் டிரைவை மாற்றியும் பலனில்லை. தூக்கிக்கொண்டு போன கடையில் மூடியைக்கூடத் திறக்காமல், "போர்டு போய்விட்டது மேடம், புதிது வாங்கிவிடுங்கள்" என்றார்கள்.

கோவையில் ஹார்டுவேர் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். "சித்தி, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துலயா நிக்குது, வேற வேற இடத்துலயா?" என்று கேட்டான்.

சிரிப்பு வந்துவிட்டது. எம்.ஏ. தமிழில் சுவடிப் பதிப்பு பற்றிப் படித்த பாடம் இது. எல்லாப் படிகளிலும் பிழை ஒரே இடத்தில் இருந்தால் அது மூல ஏட்டிலிருந்து வந்தது. படிக்குப் படி இடம் மாறினால் குற்றம் எழுதியவர் கையில். நிறுவலும் ஒரே இடத்தில் நின்றால் முதலில் மென்பொருளைச் சந்தேகிக்கலாம். இடம் மாறி மாறி நின்றால் ரேம், சூடு, பவர் சப்ளை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஃபேனில் படிந்திருந்த தில்லித் தூசியைத் தட்டினேன். பயனில்லை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை ஓடவிட்டேன். எந்த இயங்குதளமும் இல்லாமல் தானே கிளம்பி, ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கும் நிரல் அது. நாற்பது நிமிடத்தில் சிவப்பு வரிகள். இரண்டு ரேம்களில் ஒன்றைக் கழற்றி மற்றதைச் சோதித்தேன். 2019-ல் கூடுதலாக வாங்கிப் போட்டதுதான் குற்றவாளி. அதன் தங்க முலாம் பூசிய விளிம்பை அழிரப்பரால் துடைத்தேன், ஸ்லாட்டை மாற்றினேன். அதே சிவப்பு, அதே முகவரி. 4 ஜி.பி.யில் சுமார் 3,400 கோடி பிட்டுகள். அதில் ஒன்று எதை எழுதினாலும் 1 என்றே திருப்பிச் சொன்னது. தினசரி வேலையில் அந்த இடம் எப்போதாவதுதான் பயன்படும். நிறுவும்போதோ சுருக்கி வைத்த பெரிய கோப்பு ரேமில் விரிகிறது. அங்கே ஒரு பிட் பிசகினாலும் கதை முடிந்தது. சர்வர்களில் இப்படிப்பட்ட பிழையைத் திருத்தும் ரேம் உண்டு. நம் வீட்டு மெஷின்களில் பொதுவாக இல்லை.

அதைக் கழற்றியதும் உபுண்டு அரை மணியில் உட்கார்ந்தது. ஆனால் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஆறு வருடங்களாக அந்த ரேம் வழியாகத்தானே என் கலைச்சொல் பட்டியல் தினமும் திறந்து மூடியிருக்கிறது? 2018-ல் டிவிடியில் எடுத்து வைத்த பிரதியோடு ஒப்பிட்டேன். நான் திருத்தியவை போக, ஒன்பது இடங்கள் மிஞ்சின. ரகரம் றகரமாகியிருந்தது. லகரம் ளகரம். ஓரிடத்தில் 'மொழி' 'யொழி'யாகியிருந்தது. மறுதிசையில் ஒன்றுகூட இல்லை.

யூனிகோடில் ர 2992, ற 2993. ல 2994, ள 2995. ம 2990, ய 2991. இந்த ஜோடிகள் ஒவ்வொன்றிலும் வித்தியாசம் கடைசி பிட் மட்டுமே. அது 0-லிருந்து 1 ஆனால் எழுத்து மாறிவிடும். மனிதர் என்றால் இரு பக்கமும் தவறுவார்.

அந்த ஒன்பதில் ஒன்று 'ஒலி அலை'. பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதால் 2022-ல் வந்த ஓர் அறிவியல் நூலில் ஓர் அத்தியாயம் முழுக்க 'ஒளி அலை' என்று அச்சாகிவிட்டது. மெய்ப்புத் திருத்திய பெரியவரிடம் போனில் கத்தினேன். "கோப்பிலேயே அப்படித்தான் இருந்ததும்மா" என்றார். நான் நம்பவில்லை. அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பதிப்பகத்தில் அவருடைய எண்ணைக் கேட்டிருக்கிறேன்.