யார் முழிச்சிருக்கா?

இரண்டாவது ரிவ்யூ அன்னைக்கு பேனல்ல இருந்த ஒரு சார் எங்க டீமைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பேட்டரியை மிச்சம் பண்ணிட்டீங்க, சரி. எல்லா நோடும் ஒரே நேரத்துல தூங்குதே, அப்போ தீப்பிடிச்சா யாருப்பா பார்க்கிறது?"

நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். மத்த மூணு பேருக்கு அது ரிவ்யூ கேள்வி. எனக்கு அது எங்க வீட்டுக் கேள்வியும்கூட. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ப்ராஜெக்ட். கோடையில் காலேஜ் பின்பக்கம் காய்ந்து கிடக்கிற புல் அடிக்கடி தீப்பிடிக்கும். அதைச் சீக்கிரமே கண்டுபிடிக்க 12 வயர்லெஸ் சென்சார் நோடு வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு ஈஎஸ்பி8266 போர்டு, தீச்சுவாலையைக் கண்டுபிடிக்கிற ஒரு சென்சார், ஒரு 2600 எம்ஏஎச் பேட்டரி. ஒரு நோடு பழுதானாலும் பக்கத்து நோடு பார்த்துக்கொள்ளட்டும் என்று நெருக்கமாகவே வைத்தோம். பெரும்பாலான இடங்களை இரண்டு மூன்று நோடுகள் சேர்ந்து பார்க்கும்.

முதல் தடவை எல்லா நோடும் முழு நேரமும் விழித்திருந்தன. வைஃபை ஆன்ல இருந்தா இந்த போர்டு ஏறக்குறைய 75 மில்லி ஆம்பியர் இழுக்கும். 2600-ஐ 75-ஆல் வகுத்துப் பாருங்க, சுமார் 35 மணி நேரம். திங்கட்கிழமை காலையில் வைத்தது, செவ்வாய்க்கிழமை ராத்திரி 12-ம் மொத்தமா செத்துப்போச்சு.

"பேட்டரி மாத்தினா முடிஞ்சது, இதுல என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். எல்லா இடத்திலும் மாத்த முடியாது. 2002-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் ஐலண்ட் என்ற சின்னத் தீவில், ஒரு கடற்பறவை மண்ணில் வளை தோண்டிக் கூடு கட்டும் இடத்தில் பெர்க்லி ஆராய்ச்சியாளர்கள் 32 நோடுகளை வைத்தார்கள். மனுஷன் அடிக்கடி போய் நின்றால் பறவைகளுக்குத் தொந்தரவு என்பதால்தான் சென்சாரே வைத்தது. பேட்டரி மாத்த வாரா வாரம் போனால் வைத்ததற்கே அர்த்தமில்லை.

சரி, தூங்க வைப்போம்னு டீப் ஸ்லீப் போட்டோம். பத்து நிமிஷம் தூக்கம், அரை நிமிஷம் விழிப்பு. டி0 பின்னை ரீசெட் பின்னோட இணைக்கலைன்னா தூங்கின போர்டு எழுந்திருக்காது. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போச்சு. பேட்டரி நல்லாவே நின்னுச்சு. ஆனா 12 போர்டையும் ஒரே நேரத்துல ஆன் பண்ணியிருந்தோம். அதனால எல்லாம் ஒண்ணா தூங்கி, ஒண்ணா எழுந்துச்சு. நடுவுல பத்து நிமிஷம் அந்தப் புல்லைப் பார்க்க ஆளே இல்லை. அதைத்தான் அந்த சார் பிடிச்சார்.

இப்போ வீட்டுக் கதை.

போன செமஸ்டர் லீவுல எங்க அப்பத்தாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த முதல் ராத்திரி அப்பா, அம்மா, அத்தை, நான் நாலு பேரும் கட்டிலைச் சுத்தி உட்கார்ந்து விடிய விடிய முழிச்சிருந்தோம். பாசம்தான். ஆனா பார்த்துக்க ஒருத்தர் போதும். இரண்டாவது ராத்திரியும் அதே கதை. மூணாவது ராத்திரி எனக்குக் கண்ணைச் சொக்குச்சு. "அத்தை இருக்காங்களே"ன்னு படுத்துட்டேன். அத்தை "அவன் இருக்கான்ல"ன்னு படுத்துட்டாங்க. அப்பா எங்க ரெண்டு பேரையும் நம்பிப் படுத்தார். அம்மா அடுப்படி வேலையை முடிச்சிட்டு வந்து, சுவர்ல சாய்ஞ்சபடியே அசந்துட்டாங்க.

மூணு மணி வாக்கில் அப்பத்தா பாத்ரூம் போகத் தானே எழுந்திருக்காங்க. விழுந்த சத்தத்துலதான் நாங்க முழிச்சோம். மணிக்கட்டு உடைஞ்சிருந்தது. "எல்லாரும் அசதியா தூங்குறீங்க, எழுப்ப மனசு வரலைய்யா"ன்னு சொன்னாங்க. அந்த வார்த்தை இன்னும் எனக்குள்ள குத்திக்கிட்டே இருக்கு. யாரும் சோம்பேறித்தனம் பண்ணல. பக்கத்து ஆள் முழிச்சிருக்கிறதா ஒவ்வொருத்தரும் நினைச்சோம், கேட்கத்தான் இல்லை.

ரிவ்யூ முடிஞ்சு ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடினப்போ, எங்க வீட்டில் நடந்தது அப்படியே ஒரு கட்டுரையில் இருந்தது. 2002-ல் தியான், ஜார்ஜனாஸ் என்ற இருவர் எழுதியது. ஒரு நோடு, தான் பார்க்கிற பரப்பு முழுவதையும் பக்கத்து நோடுகள் பார்க்கின்றனவா என்று கணக்குப் போடும். ஆமாம் என்றால் தூங்கலாம். சிக்கல் எங்கே என்றால், இரண்டு நோடுகள் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டால் அதை நம்பி இது, இதை நம்பி அது என்று இரண்டுமே தூங்கிவிடும். நடுவில் யாரும் பார்க்காத ஓர் ஓட்டை விழும். அதற்கு அவர்கள் சொன்ன வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு நோடும் குத்துமதிப்பாக ஒரு சின்ன நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு "நான் தூங்கப் போறேன்" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தூங்க வேண்டும். அதைக் கேட்ட நோடு, தூங்கப் போனதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும்.

2003-ல் வந்த பீஸ் என்ற முறை இதை வேறு மாதிரி செய்கிறது. தூங்குகிற நோடு அவ்வப்போது எழுந்து, "பக்கத்துல யாராவது முழிச்சிருக்கீங்களா?" என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும். பதில் வந்தால் மறுபடியும் தூக்கம். வராவிட்டால் அதுவே வேலையை எடுத்துக்கொள்ளும்.

நாங்க முதல் முறையை எடுத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தோம். ஒரு சுற்றில் நாலைந்து நோடு விழித்திருக்கும், மற்றவை தூங்கும். ஒன்றரை நாள் தாங்கினது நாலு நாள் தாண்டுச்சு. கொண்டாட்டம். ஆனா ஒரே ஒரு நோடு மட்டும் இரண்டாவது நாளே செத்துப்போச்சு. எதுன்னு பார்த்தா, கேட்வேக்குப் பக்கத்துல இருந்தது. தூரத்து நோடுகளோட செய்தி எல்லாம் அது வழியாத்தான் போகணும். அதனால அதுக்குத் தூக்கமே கிடைக்கல.

ரேடியோவில் இன்னொரு விஷயம் கவனிங்க. சென்சார் நோடுகளில் பேர்போன சிசி2420 சிப், முழு சக்தியில் செய்தி அனுப்ப 17.4 மில்லி ஆம்பியர் எடுக்கும். கேட்டுக்கொண்டிருக்க 18.8. யாராவது கூப்பிடுவாங்களான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருக்கிறதுதான் அதிகச் செலவு.

செத்துப்போன அந்த நோடைக் கையில வச்சிருந்தப்போதான் அம்மா ஞாபகம் வந்தது. அப்பத்தா விழுந்த மறுநாளே நாங்க காலண்டர் தாளுக்குப் பின்னாடி டியூட்டி போட்டிருந்தோம். நாலு பேர், ஆளுக்கு இரண்டு மணி நேரம். பேப்பர்ல சமமாத்தான் இருந்தது. ஆனா மாத்திரைக் கணக்கு, டாக்டருக்குப் போன், பார்க்க வர்ற சொந்தக்காரங்க, கஞ்சி, எல்லாமே அம்மா வழியாத்தான் போச்சு. தன்னோட டியூட்டி இல்லாத நேரத்துலயும் அவங்க காதைத் திறந்து வச்சுக்கிட்டே படுத்திருந்தாங்க.

இதுக்கும் ஒரு பழைய பாடம் இருக்கு. 2000-ல் வெண்டி ஹைன்செல்மன், அனந்த சந்திரகாசன், நம்ம ஐஐடி மெட்ராஸில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் மூவரும் எழுதிய லீச் முறையில், மற்ற நோடுகளின் செய்திகளைச் சேர்த்து அனுப்புகிற தலைமை நோடு நிரந்தரமாக ஒன்றாகவே இருக்காது. சுற்றுக்குச் சுற்று மாறும். அந்தப் பாரத்தை எல்லாரும் முறை வைத்துச் சுமப்பார்கள். நாங்க கேட்வேக்குப் பக்கத்துல இன்னும் இரண்டு நோடு வைத்து, அந்த வேலையை மாத்தி மாத்திக் கொடுத்தோம்.

வீட்டில் மாத்திரைப் பெட்டியும் டாக்டர் போனும் இப்போ என் பொறுப்பு. அப்பத்தா வாக்கர் பிடிச்சு நடக்கிறாங்க, ராத்திரிக்கு மட்டும் ஆள் வேணும்.

நீங்க இந்த டாபிக்கை ப்ராஜெக்டா எடுத்தா எங்களை மாதிரி ரிவ்யூல மாட்டிக்காதீங்க. எத்தனை நாள் பேட்டரி நின்னுச்சுன்னு மட்டும் கிராஃப் போடாதீங்க. ஒவ்வொரு நிமிஷமும் எத்தனை சதவீத இடம் பார்வையில இருந்ததுன்னும் போடுங்க. செய்தி எட்டும் தூரம், சென்சார் பார்க்கும் தூரத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். அப்போ முழு இடமும் பார்வையில் இருந்தாலே நோடுகளுக்கு நடுவே தொடர்பும் அறாது. முதல்ல எந்த நோடு சாகுதுன்னு பாருங்க.

நேத்து ராத்திரி என் டியூட்டி. இரண்டு மணிக்கு உள் ரூம்ல இருந்து அம்மா குரல்: "முழிச்சிருக்கியாடா?"

"முழிச்சிருக்கேம்மா. நீ தூங்கு."

அதுக்கப்புறம் காலைல ஆறு மணி வரைக்கும் அம்மா எழுந்திருக்கல.