வைகைக் கரையோரம் – 6: அப்பத்தாவின் சித்திரை வாரம்

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள்களைக் குறித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒன்று மீனாட்சி திருக்கல்யாணம், மற்றது அழகர் ஆற்றில் இறங்கும் நாள். 2024இல் அவை ஏப்ரல் 21, 23. 2025இல் மே 8, 12. விடுதி அறை, ரயில் டிக்கெட், கேமரா எல்லாம் இந்த இரண்டு காலைகளுக்காகத்தான். வந்தவர்கள் கூட்டத்தைப் பார்க்கிறார்கள், தங்கக் குதிரையைத் தூரத்தில் ஒரு மினுக்கலாகப் பார்க்கிறார்கள், ஜிகர்தண்டா குடித்துவிட்டு வண்டியேறுகிறார்கள். இது விழாவைப் பார்க்கும் முறையே இல்லை என்பது என் கட்சி. கோயில் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைவிட, மேலூர்ப் பக்கத்திலிருந்தோ சோழவந்தான் பக்கத்திலிருந்தோ மகன், மகள், பேரப்பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு கிளம்புகிற ஓர் அப்பத்தா அந்த வாரத்தை எப்படிக் கழிக்கிறாள் என்று பார்த்து, அந்தத் தடத்தில் போவதுதான் சரி. ஏனென்றால் இந்த விழா அடிப்படையில் ஓர் உறவுமுறைக் கூடுகை. சாமிகளும் இங்கே சொந்தக்காரர்களாகத்தான் நடந்துகொள்கின்றன.

கதையையே எடுத்துக்கொள்வோம். அழகர் ஏன் வைகைக்கு வருகிறார் என்று கோயில் மரபைக் கேட்டால், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுக்க வருகிறார் என்று சொல்லும். சனங்களைக் கேட்டால் அந்த முனிவரைப் பற்றிப் பேச்சே வராது. தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு வந்த அண்ணன், வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் ஆற்றோடு வண்டியூருக்குப் போய்விட்டார் என்பார்கள். தாரை வார்க்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் முன்னதாகவே வந்துவிடுவதால் கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அண்ணனின் முறைப்பு மட்டும் வருஷா வருஷம் நிற்கிறது. இரண்டு காரணங்கள் கைவசம் இருக்க, மக்கள் இதைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ‘எங்களைக் கேட்காமல் முகூர்த்தம் வைத்துவிட்டீர்களே’ என்ற சண்டை இந்தச் சமவெளியில் எந்த வீட்டில் நடக்கவில்லை? தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வுநூல் (1989) கோயிலின் எழுத்து மரபோடு நிற்காமல் நாட்டார் வழக்குகளையும் சாதிகளுக்கும் கோயிலுக்குமான உறவுகளையும் தேடிப் போனதற்கும் இதுவே காரணம். விழாவின் பொருள் சனங்களிடம் இருக்கிறது. சனங்களில் அதை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் கிழவிகள்.

அடுத்தது பருவம். மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தவை. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு சேர்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தெருக்களே இதற்குச் சாட்சி. தேர் ஓடுவது சித்திரையில். ஓடும் வீதிகளின் பெயர் மாசி வீதிகள். சைவ வைணவ ஒற்றுமைக்காக மாற்றினார் என்று மேடைகளில் பேசுவார்கள். இருக்கலாம். ஆனால் வயலைப் பார்த்தால் வேறொரு காரணமும் தெரிகிறது. மாசி அறுவடையும் களத்து வேலையும் உள்ள மாதம். சித்திரையில் நிலம் காய்ந்து கிடக்கும். 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்து மேலூர் வரை பாசனம் கிடைத்த பிறகும், கோடையில் பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் ஓடாது. அணை திறக்கும்வரை எதிர்பார்த்திருக்க வேண்டும். மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஓய்வு. பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையும் கோடையில்தான். வெளியூரில் வேலை பார்க்கிற மகனை வா என்று அதிகாரமாகச் சொல்ல அப்பத்தாவுக்குக் கிடைக்கிற சமயம் இது. தைப் பொங்கலுக்கு வராதவனைக்கூட மன்னிப்பாள், அழகருக்கு வராதவனை மன்னிக்க மாட்டாள்.

இனி அவளுடைய பயணத்தைப் பாருங்கள். அது மதுரையில் தொடங்குவதில்லை. நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள அழகர்மலை அடிவாரத்தில் தொடங்குகிறது. பேரனுக்கு முதல் மொட்டை, பேத்திக்குக் காதுகுத்து, பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடா. இந்த மூன்றில் ஒன்றாவது நிலுவையில் இல்லாத குடும்பம் குறைவு. காதுகுத்து என்றால் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். தாய்மாமன் வந்தால் சீர் வரும்; சீர் வந்தால் பங்காளிகளும் சம்பந்திகளும் வந்து சபை நிறைய வேண்டும்; சபை கூடினால் மொய் நோட்டு திறக்கும். ஆக ஒரு சின்னப் பிள்ளையின் காதில் இரண்டு துளை போடுவதற்காக நாற்பது, ஐம்பது பேர் புளியமரத்தடியில் கூடிக் கறிச்சோறு சாப்பிடுகிறார்கள். இடையில் பிள்ளைகள் மலைமேல் நூபுர கங்கைக்குப் போய்க் குளித்துவிட்டு, பழமுதிர்ச்சோலை முருகனைப் பார்த்துவிட்டு, கோயில் தோசையைப் பிய்த்துத் தின்றபடி இறங்குகிறார்கள். சுற்றுலாத் துறை இதைக் குடும்பச் சுற்றுலா என்று விளம்பரம் செய்யலாம். அப்பத்தாவுக்கு இது கடன் அடைப்பு. நேர்ந்துகொண்ட நாளிலிருந்து அவள்தான் கணக்கு வைத்திருக்கிறாள்.

திருக்கல்யாண நாளில் கோயிலுக்குள் இடம் கிடைப்பது சிரமம். சீட்டு, வரிசை, தடுப்புக் கட்டைகள். அதைப் பற்றி அவள் அலட்டிக்கொள்வதில்லை. முகூர்த்த நேரத்தில் சித்திரை வீதியில் நின்றாலும் வீட்டுக் கூடத்தில் நின்றாலும் சுமங்கலிகள் தங்கள் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். அப்பத்தா கைம்பெண்ணாக இருந்தால் மருமகள்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லாரும் சமமாகக் கொண்டாடுகிற விழா என்று பூசிமெழுகுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிறகு சேதுபதி பள்ளியில் பக்தர்கள் போடுகிற கல்யாண விருந்து. சாமி கல்யாணத்துக்கும் மொய் எழுதுகிற ஊர் இது. மறுநாள் தேர். அதன்பின், ஆண்டுக்கு ஆண்டு மாறுகிற ஓர் இடைவெளி. ஆற்றில் இறங்குவது பௌர்ணமியை ஒட்டியது என்பதால் 2024இல் தேருக்கு மறுநாளே அழகர் வந்துவிட்டார். 2025இல் தேருக்கும் ஆற்றுக்கும் நடுவே இரண்டு நாள் காலியாகக் கிடைத்தது. அழைப்பிதழில் வெற்றிடமாகத் தெரிகிற அந்த நாள்களில்தான் தல்லாகுளத்து நாத்தனார் வீடு, செல்லூர்ச் சின்ன மகள் வீடு, மகாலுக்கும் பொருட்காட்சிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போவது எல்லாம். மூன்றுமாவடியில் எதிர்சேவைக்கு நிற்கும்போது அவள் கையில் ஒரு செம்பு இருக்கும்; அது நிறையச் சர்க்கரை, மேலே எரிகிற சூடம். மாப்பிள்ளை வீட்டாரை ஆரத்தியோடு எதிர்கொள்வதும் மலையிலிருந்து வரும் அண்ணனை இப்படி எதிர்கொள்வதும் ஒரே வழக்கத்தின் இரண்டு வடிவங்கள் என்றே எனக்குப் படுகிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். இதையெல்லாம் கொண்டாட்டம் என்கிறீர்களே, அந்தக் கிழவிக்கு இது ஓய்வா உழைப்பா? இரண்டு நாளானாலும் கெடாத புளியோதரையைக் கிளறிக் கட்டியது யார், பாயும் போர்வையும் தூக்குவாளியும் கணக்குப் பார்த்து ஏற்றியது யார், வெயிலில் சுருண்ட பேரனுக்கு மோர் தேடி ஓடியது யார்? அழகர் வழியில் நின்று செல்லும் மண்டகப்படிகள் நானூறுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றின் வாசலில் பரிவட்டம் கட்டிக்கொள்வது ஆண்கள். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவதும் திரியெடுத்து ஆடுவதும் பெரும்பாலும் ஆண்கள். இந்த மறுப்பில் நியாயம் உண்டு. உழைப்பு அவளுடையது, மரியாதை வேறொருவருடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதனால் அவள் அந்த வாரத்தின் வேலைக்காரி மட்டுமே என்று முடிவுகட்டினால், வீட்டுக்கு வெளியே இருப்பது அவள் தலைமுறைக்கு என்னவாக இருந்தது என்பதைத் தவறவிட்டுவிடுவோம். ஊர்ப் பெண்கள் இரவு முழுக்க ஆற்று மணலில், ஊரறிய, யாரிடமும் காரணம் சொல்லாமல் உட்கார்ந்திருக்க முடிந்த நாள்கள் ஆண்டில் இவையன்றி அதிகம் இல்லை. இன்னொன்றும் உண்டு. மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களோடு அ. வைத்தியநாத ஐயர் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. அதற்கு முன்னால் அந்த வாசல் யாருக்கெல்லாம் அடைத்திருந்ததோ, அவர்களும் மணலில் நின்று பார்த்த சாமி அழகர். இன்று எழுபதைத் தாண்டியவர்களின் பாட்டிகள் வாழ்ந்த காலம் அது. திறந்தவெளி அவர்களுக்குப் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை. சாமி பார்க்கக் கிடைத்த ஒரே கூடமாக இருந்தது. அந்த நினைவு பல வீடுகளில் காரணம் மறந்து பழக்கமாக மட்டும் தங்கியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு நெரிசல் பற்றியது. கொரோனாவுக்குப் பிறகு பழையபடி விழா நடந்த 2022 ஏப்ரல் 16 அன்று, அழகர் ஆற்றில் இறங்கிய வேளையில் கூட்டத்தில் சிக்கி இருவர் இறந்தனர். வயதானவர்களையும் குழந்தைகளையும் அந்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்வது பொறுப்பற்ற பேச்சல்லவா? பொறுப்பற்ற பேச்சுத்தான், அந்த இடத்துக்குப் போகச் சொன்னால். கவனித்துப் பார்த்தால், அனுபவமுள்ள கிழவிகள் ஆழ்வார்புரத்தில் ஏ.வி. பாலத்தடியில் அந்த அதிகாலைக்கு முண்டியடிப்பதில்லை. முந்தின நாள் தல்லாகுளம் பக்கம் ஏதாவது ஒரு மண்டகப்படியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, சாமி தன்னைத் தேடி வரும்வரை பானகம் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆற்றில் இறங்கும்போது அழகர் உடுத்திவந்த பட்டின் நிறம் பச்சையா சிவப்பா என்பதைப் பிறகு யார் வாயிலாவது கேட்டுக்கொள்ளலாம். பச்சை என்றால் விளைச்சல் என்று அவர்களே பலன் சொல்லிவிடுவார்கள். நெரிசலுக்குக் காரணம் விழாவின் அளவைவிட, எல்லாரும் ஒரே மணி நேரத்தை மட்டும் விழா என்று நினைத்துக்கொள்வதே. தொலைக்காட்சியும் செய்தித்தாளும் அந்த ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி இந்த நினைப்பை வளர்த்துவிட்டன. மலையைவிட்டு இறங்கியதிலிருந்து திரும்பி ஏறும்வரை அழகர் நாள்கணக்கில் தெருவில் இருக்கிறார். கூட்டத்தை அந்த நாள்களுக்குப் பரப்பிவிடுவது எந்தத் தடுப்புக் கட்டையையும்விட நல்ல ஏற்பாடு. கிழவிகளின் திட்டத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நேரலையில் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2020, 2021 ஆண்டுகளில் அதைத்தான் செய்து பார்த்தோம். கல்யாணம் ஒளிபரப்பானது, பெண்கள் வீட்டிலிருந்தே கயிறு மாற்றிக்கொண்டார்கள், சடங்கில் பெரிய குறையில்லை. அழகர் மட்டும் வைகைக்கு வரவில்லை, மலைக்கோயிலுக்குள்ளேயே விழா முடிந்தது. சாமி வராததோடு சம்பந்தியும் வரவில்லை, தாய்மாமனும் வரவில்லை, மொய் நோட்டும் திறக்கவில்லை. திரையால் கொடுக்க முடியாதது எது என்பதை அந்த இரண்டு ஆண்டுகளே காட்டிவிட்டன.

என் வாதத்துக்கு வலுவான ஆதாரம், கூட்டம் கலைந்த பிறகு நடப்பதுதான். ஆற்றில் இறங்கிய அன்றிரவு அழகர் வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்குகிறார். துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது ஊர்ப்பேச்சு. மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம். ஒரு காலத்தில் அழகர் தேனூரில்தான் ஆற்றில் இறங்கினார் என்ற வழக்கும், அந்த ஊர்க்காரர்களின் உரிமையும் இந்த மண்டபத்தின் பெயரில் மிஞ்சியிருக்கின்றன. அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். மச்சம், கூர்மம், வாமனர், ராமர், கிருஷ்ணர் என்று இரவு முழுக்க அலங்காரம் மாறும், விடியும்போது மோகினி. வெளியூர்க் கேமராக்கள் இதற்குள் ரயிலேறிவிடும். மீதி இருப்பவர்கள் பாய் விரித்த குடும்பங்கள். அடுத்த அவதாரத்துக்கு எழுப்பிவிடச் சொல்லித் தூங்குகிற பிள்ளைகள், எழுப்ப மறக்காத கிழவிகள், வறுத்த கடலை, வெள்ளரிப் பிஞ்சு. முன்பு கூண்டு வண்டிகளை அவிழ்த்துப் போட்டிருந்த இடங்களில் இப்போது குட்டியானைகள் நிற்கின்றன. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று போலீஸ் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்கடுத்த இரவு தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு. பிறகு மலைக்குத் திரும்பும் வழியெல்லாம் மறுபடி மண்டகப்படிகள்.

ஆகவே வரும் சித்திரைக்கு மதுரை வருகிறவர்கள் ஆற்றில் இறங்கும் அதிகாலைக்கு இடம் பிடிக்க வேண்டாம். அதற்கு மறுநாள் வந்து, மாலையில் வண்டியூர்ப் பக்கம் தொடங்கி, இரவு ராமராயர் மண்டபத்துக்குப் போய்ச் சேருங்கள். ஒரு பாயும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். பக்கத்துப் பாயில் இருக்கும் அம்மாவிடம் எந்த ஊர் என்று கேட்டால் போதும். புளியோதரை தானாக வரும். அடுத்த பகுதியில் தேனூருக்குப் போகலாம்.