இரண்டு கதவுக் கார்

நாற்பது வயதைக் கடந்த ஆண்மகனுக்குச் சில விபரீத ஆசைகள் தோன்றுவது உலக இயற்கை. ஒருவர் தலைமயிருக்குச் சாயம் பூசத் தொடங்குகிறார். இன்னொருவர் திடீரென்று புல்லாங்குழல் கற்கப் புறப்படுகிறார். வேறொருவர் எல்லோரும் மறந்துபோன எல்லை வேலி வழக்கொன்றைத் தூசி தட்டி எடுக்கிறார். இவற்றுள் ஒன்றும் என்னை அணுகவில்லையென்று என் சகதர்மிணி நெடுநாள் நிம்மதியாக இருந்தாள். 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அந்த நிம்மதிக்குப் பங்கம் வந்தது.

2020 பங்குனியில் நிறுத்திவைக்கப்பட்ட வாகன இறக்குமதி, ஏறக்குறைய ஐந்து வருடங்களின் பின் அந்த மாசியிலேதான் தனியார் கார்களுக்கும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எங்கள் கல்லூரி ஆசிரியர் ஓய்வறையிலே, புணர்ச்சி விதியும் பரீட்சைப் புள்ளியும் பேசியவர்களெல்லாம் எஞ்சின் வலுவும் சுங்கத் தீர்வையும் பேசத் தலைப்பட்டனர். பதினேழு வருடம் மோட்டார்ச் சைக்கிளில் மழைக்கு நனைந்தும் வெயிலுக்குக் காய்ந்தும் வந்த எனக்கும், சேமிப்பையும் கூட்டுறவுச் சங்கக் கடனையும் சேர்த்தால் பழைய கார் ஒன்று வாங்கலாமென்று கணக்கு வந்தது. வீட்டாருக்கும் அதில் மறுப்பு இருக்கவில்லை. ஆனால் நான் மனத்தில் வைத்திருந்தது அவர்கள் நினைத்த கார் அன்று. இரண்டே கதவுகளும், தாழ்ந்த கூரையும், நீண்ட மூக்கும் கொண்ட 'ஸ்போர்ட்ஸ் கூப்பே' என்னும் சாதி அது.

'கூப்பே' என்பது பிரெஞ்சுச் சொல். 'வெட்டப்பட்டது' என்பது அதன் பொருள். முற்காலத்து ஐரோப்பியக் குதிரை வண்டிகளில் பிரயாணிகள் எதிரெதிராக அமர்வதற்கு இரண்டு இருக்கைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றை வெட்டிவிட்டு, இருவர் மாத்திரம் செல்லத்தக்கதாக வண்டியைச் சுருக்கியபோது, அதற்கு இந்தப் பெயர் வழங்கலாயிற்று. மோட்டார் யுகத்திலும் அந்த வெட்டு தொடர்ந்தது. இங்கே வெட்டுண்டது பின்னிருக்கை. சில கூப்பேகளில் அது அறவே இல்லை. சிலவற்றில் பெயருக்கு உண்டு.

நீண்ட காலம் இது செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு சித்திரை மாதம் போர்ட் நிறுவனத்தார் 'மஸ்ராங்' என்ற காரை 2,368 டொலர் தொடக்க விலையில் வெளியிட்டனர். 'பல்கன்' என்ற தங்கள் சாதாரணக் குடும்பக் காரின் உறுப்புகளுக்கு மேலே ஓட்டப்பந்தய வீரனின் சட்டையை அணிவித்ததுதான் அவர்கள் செய்த உபாயம். முதல் வருடத்திலேயே நாலு இலட்சத்துக்கு மேல் விற்றது. ஐரோப்பாவில் 1969இல் 'கப்ரி'யும், யப்பானில் 1970இல் ரொயோட்டாவின் 'செலிக்கா'வும் அதே வழியில் வந்தன. சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கிறவனும் கடையின் கண்ணாடியில் தன் காரின் நிழலைப் பார்த்துப் பூரிக்கலாம் என்றாயிற்று.

எனக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் தந்தையார் கோண்டாவிலில் வாடகைக் கார் ஓட்டியவர். அவரிடம் இருந்தது ஒஸ்ரின் ஏ-40 சொமசெற். நான் பிறப்பதற்கு முப்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்திலே செய்யப்பட்டது; 1,200 கன சென்ரிமீற்றர் எஞ்சின்; ஆமையோடு போன்ற முதுகு. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துக்கும் கிடையாத காலத்தில், அப்பா சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். கார் இருமும், வெண்புகை கக்கும், ஆனால் ஓடும். கலியாண வீடு, ஆஸ்பத்திரி, நல்லூர்த் திருவிழா என்று ஊரே அதில் ஏறி இறங்கிற்று. முன்னிருக்கை வாடகைக்கு அமர்த்தியவருக்கு உரியது. பின்னிருக்கையில் மற்றவர்களும், அவர்களுடைய பனையோலைப் பெட்டிகளும், வாழைக்குலைகளும். இடம் மிஞ்சினால் அந்த இடுக்கில் நான். அப்பாவின் பிடரியை மாத்திரம் பார்த்துக்கொண்டு போவேன். 'பின்னிருக்கையே இல்லாத கார் ஒன்று இருந்தால், அதில் அப்பாவும் நானும் மட்டும் போகலாமே' என்று அந்த வயதில் ஏங்கியிருக்கிறேன். அத்தகைய கார் உலகத்தில் உண்டென்பதைப் பிற்பாடு நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையின் படத்திலே கண்டபோது, யாரோ என் மனத்தைப் பார்த்துச் செய்ததுபோல் இருந்தது.

இனி, வாங்கும் விஷயத்துக்கு வருவோம். புதிய கூப்பே நமக்கு எட்டாக்கனி. ரொயோட்டாவின் ஜீ.ஆர். 86, சந்தையிலுள்ள இவ்வகைக் கார்களுள் நியாய விலையுடையதென்று வெளிநாட்டார் போற்றுவது. அதன் எஞ்சினோ 2,387 கன சென்ரிமீற்றர். நம் நாட்டில் எஞ்சினின் கொள்ளளவைக் கொண்டே உற்பத்தி வரியை அளக்கிறார்கள். அதற்கு மேலே சுங்க வரியும் பெறுமதிசேர் வரியும் ஏறுகின்றன. ஓர் ஆசிரியன் இரண்டு பிறவி எடுத்துக் கற்பித்தாலும் அந்தக் கடன் தீராது. யப்பானிலிருந்து மலிவான பழைய கூப்பேயைத் தருவிப்போமென்றாலோ, 2025இல் வந்த விதி மூன்று வருடத்துக்கு மேற்பட்ட கார்களை அனுமதிக்கவில்லை. ஆகவே ஏற்கனவே இலங்கைக்கு வந்து ஓடிக்கொண்டிருப்பவற்றுள் ஒன்றைத் தேடுவதே வழி.

அப்படித் தேடுகையில், அரியாலையில் ஒருவரிடம் ஹொண்டா சி.ஆர்.இசட் ஒன்று விலைக்கு இருப்பதாகச் சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். 2010முதல் 2016வரை யப்பானில் செய்யப்பட்ட கார் இது. ஒன்றரை லீற்றர் பெற்றோல் எஞ்சினும் அதற்கு உதவியாக ஒரு மின்மோட்டாரும் கொண்டது. கையால் மாற்றும் ஆறு கியர்கள் உள்ள வகையும் உண்டு. அரியாலைக் கார் அந்த வகை. சிவப்பு நிறம். வேறென்ன வேண்டும்?

என் பழைய மாணவன் ஒருவன் இப்போது நல்ல மெக்கானிக்காக இருக்கிறான். வகுப்பில் நான் அவனுக்குக் கற்பித்ததிலும் அதிகமாக அன்று காலை அவன் எனக்குக் கற்பித்தான். "சேர், பெயின்ற்றின்ரை மினுக்கத்தைப் பாக்காதேங்கோ. கதவுக்கும் உடம்புக்கும் இருக்கிற இடைவெளி ரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கோ எண்டு பாருங்கோ" என்றான். அடிபட்டுத் திருத்திய காரை அந்த இடைவெளி காட்டிக்கொடுத்துவிடுமாம். எஞ்சினை முடுக்குமுன் அதன் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். முன்பே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த எஞ்சின் புறப்படும்போது காட்டும் குறைகள் நமக்குத் தெரியாமற் போய்விடும். ரயரின் பக்கத்திலுள்ள நாலு இலக்கத்தைப் படித்தான். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். மீற்றர் காட்டும் தூரத்தைக் கால்மிதிகளின் தேய்வோடு ஒப்பிட்டான். அடித்தட்டின் இலக்கம் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா, லீசிங் நிலுவை எதுவும் இல்லையா என்பதைக் காகிதத்தில் கண்டான். இறுதியாக, கருவியொன்றைப் பொருத்திப் பெரிய பற்றறியின் நிலையைப் பரிசோதித்தான். இத்தகைய கார் வாங்குவோர், என்றோ ஒருநாள் அந்தப் பற்றறியை மாற்ற நேரும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டுமென்பது அவன் உபதேசம்.

பின்னர் நான் ஓட்டினேன். சாரதி ஆசனம் நிலத்தோடு ஒட்டியிருந்தது; கால்கள் நேரே நீண்டன; கியர் மாற்றும் பிடி உள்ளங்கைக்குள் அடங்கிற்று. ஐம்பது கிலோமீற்றர் வேகத்திலேயே பறப்பதுபோல் ஒரு பிரமை. இருபது நிமிடம் நான் ஆசிரியனுமல்லன், குடும்பஸ்தனுமல்லன். திரும்பி வந்ததும் மாணவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "கார் நல்ல கார், சேர். சேருக்குப் பொருந்துமோ எண்டதை நான் சொல்லேலாது."

அடுத்த ஞாயிறு குடும்பத்தோடு அரியாலைக்குப் போனேன். பன்னிரண்டு வயது மகன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்னாசனத்தை மடித்து, அவனைப் பின்னால் ஏற்றினேன். முழங்கால் நாடியைத் தொட்டது. என் சகதர்மிணி ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசியில், "இஞ்சருங்கோ, கார் வடிவாய்த்தான் இருக்கு. மாமி எங்கை இருக்கிறது?" என்று கேட்டாள்.

என் தாயாருக்கு எழுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதந்தோறும் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். விடையும் தயாராக வைத்திருந்தேன். "அம்மா முன்னுக்கு இருக்கலாம்" என்றேன்.

ஓட்டோவில் வந்து இறங்கி, வேலியோரம் நின்றிருந்த அம்மா தானாகவே முன்னே வந்தார். கூரையின் விளிம்பைப் பிடித்து, உடம்பைச் சரித்து, ஆசனத்துக்குள் தொப்பென்று விழுந்தார். "எடு, தம்பி. போவம்" என்றார். உடையவரிடம் சொல்லிவிட்டு, இருவருமாகக் கண்டி வீதியில் புறப்பட்டோம். நாவற்குழிப் பாலம் கடக்கும்வரை அம்மா வாய் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நீரேரியையே பார்த்துக்கொண்டிருந்தவர், பாலம் முடியும் தறுவாயில் சொன்னார்: "அப்பான்ரை காரிலை நான் ஒருநாளும் முன்னுக்கு இருக்கேல்லை."

நான் வேகத்தைக் குறைத்தேன்.

1995 ஐப்பசி 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இதே பாலத்தைக் கடந்துதான் தென்மராட்சிக்குப் போனார்கள். மழை. இலட்சக்கணக்கான சனம் ஒரே தெருவில். அப்பாவின் கார் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு, நடக்கிறவர்களின் வேகத்திலே ஊர்ந்தது. முன்னிருக்கையில் நடக்கமாட்டாத அயல்வீட்டு முதியவர். பின்னிருக்கையில் மூன்று கிழவிகளும், பிள்ளை பெற்றுப் பதினொரு நாளான ஒரு பெண்ணும், மடியிலே அந்தச் சிசுவும், காலடியில் என் தங்கையும். எனக்கு வயது பதின்மூன்று. கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு நானும் அம்மாவும் விடியும்வரை நடந்தோம். சாவகச்சேரியில் இருந்தபோது அரிசி வாங்குவதற்காக அப்பா அந்தக் காரை விற்றார். அதன்பின் சாகும்வரை சைக்கிள்தான்.

பின்னிருக்கைமீது எனக்கிருந்த பொறாமையை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கும் ஓர் இருக்கைமீது ஆசை இருந்திருக்கலாமென்று ஒருநாளும் நினைத்ததில்லை. சொந்தக்காரரின் மனைவியாக அந்தக் காருக்குள் அவர் இருந்ததே குறைவு. இருந்தபோதும், வாடகைக்காரரின் பெட்டிக்கும் குழந்தைக்கும் இடையில்தான்.

திரும்பி வந்து காரை நிறுத்தினோம். ஏறியது எளிது, இறங்குவது அவ்வாறில்லை. நான் ஒரு கையையும் என் சகதர்மிணி மறு கையையும் பிடித்து, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று தூக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது முயற்சியில் வெளியே வந்த அம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வாங்கு, தம்பி. நல்ல கார்" என்றார். நோவோடு சொல்லுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

நான் வாங்கவில்லை. மூன்று வாரத்தின் பின், நாலு கதவுள்ள சிறிய பழைய கார் ஒன்றை வாங்கினேன். பார்த்தவர் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டாத கார். ஆனால் ஆசனம் உயரமானது. அம்மா யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிறார். மாணவன் கற்பித்த பரீட்சைகள் யாவும் அதற்கும் பயன்பட்டன. கூப்பே வாங்க எண்ணுகிற வாசகர்களுக்கு அவற்றோடு நான் சேர்த்துச் சொல்லத்தக்கது ஒன்றே: வீட்டில் முழங்கால் நோவுள்ளவர் எவரோ, அவரை ஏற்றி மட்டும் பாராமல், இறக்கியும் பாருங்கள்.

ஆசை தீர்ந்துவிட்டதென்று பொய் சொல்லமாட்டேன். அரியாலைச் சிவப்புக் காரை இளைஞர் ஒருவர் வாங்கிவிட்டார். பலாலி வீதியில் அது என்னைக் கடந்து போகும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்புகிறது. அப்போது பக்கத்திலே அம்மா, கைப்பையை மடியில் வைத்து, முன்கண்ணாடியினூடாகத் தெருவை நேரே பார்த்துக்கொண்டிருப்பார். எப்போதும் முன்னிருக்கைதான்; என் சகதர்மிணி அதில் விட்டுக்கொடுப்பதில்லை.

பின்னிருக்கையில், கறிக்கடைச் சாமான் பைகளுக்கும் தாய்க்கும் இடையில் என் மகன். சென்ற வாரம் கண்ணாடியில் அவனைப் பார்த்தேன். என் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான்.