ஈயம் பூசும் வேதியியல்

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டைப் போட்டால் குமிழிகள் பொங்கும். எரியும் குச்சியைக் காட்டினால் 'பட்' என்ற ஒலியோடு ஹைட்ரஜன் எரியும். தாமிரத் துண்டைப் போட்டாலோ ஒரு குமிழிகூட எழாது. மின்வேதி வரிசையில் தாமிரம் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பதே காரணம் என்பது நாம் யாவரும் படித்த பாடம்.

"அப்படியானால், பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறுவது ஏன் ஐயா?" என்று வகுப்பில் கேட்டேன். எனக்கு இக்கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. என் தந்தை தெருத்தெருவாகச் சென்று பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்.

பேராசிரியர் விளக்கினார். தாமிரத்தால் நீர்த்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்ற இயலாது. ஆயினும் காற்றிலுள்ள ஆக்சிஜன் தாமிரத்தை மெல்ல ஆக்சைடாக்கும். அந்த ஆக்சைடை அமிலம் கரைத்துவிடும். பித்தளையில் பெரும்பகுதி தாமிரம்தானே! குமிழியே இல்லாமல் தாமிர உப்பு உணவில் கலந்துவிடுகிறது. இதைத் தடுக்கும் வேலையில்தான் எங்கள் வீட்டு அடுப்பு இத்தனை ஆண்டுகள் எரிந்திருக்கிறது.

துருத்தி ஊதிச் சூடேற்றிய பாத்திரத்தில் அப்பா நவச்சாரத்தைத் தூவுவார், வெண்புகை எழும். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. ஆய்வகத்துப் புட்டியிலுள்ள அமிலத்தின் வாயுதான் இது! இது பாத்திரத்தின் ஆக்சைடை அகற்ற, 232 டிகிரி செல்சியசில் உருகும் வெள்ளீயம் தூய பரப்பில் பற்றிக்கொள்கிறது. வெள்ளீயம் வரிசையில் ஹைட்ரஜனுக்கு மேலே இருந்தாலும், நீர்த்த அமிலத்துடன் மிக மெதுவாகவே வினைபுரியும். ஆகவே அது உணவுக்கும் பாத்திரத்துக்கும் இடையே காவல் நிற்கிறது.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். "புகை அடங்குறதுக்குள்ள ஈயத்த இழுக்கணும்டா. இல்லேன்னா ஒட்டாது. அதுக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்று சிரித்தார். பிறகு, "இந்த வேல என்னோட போகட்டும். நீ படி" என்றார்.

எவர்சில்வர் வந்தபின் அவரைக் கூப்பிடும் வீடுகள் குறைந்துவிட்டன. தொழில் அவரோடு போகலாம். அவர் கைகள் அறிந்தவையும் உடன் போய்விடலாமா? அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். இடப்பக்கம் அவர் சொல்வது. வலப்பக்கம் அதற்குரிய சமன்பாடு. வலப்பக்கத்தில் இன்னும் பல இடங்கள் வெறுமையாகவே உள்ளன.

நண்பர்களே! நம்மில் பலர் உழவர், தட்டார், சாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். உங்கள் இல்லத்திலும் இப்படி எழுதப்படாத பாடம் ஒன்று இருக்கக்கூடும். கேட்டு எழுதி வையுங்கள்.