ஸ்லைடை வாசிக்காதீங்க சார்!

எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் திரையில் இருப்பதை அப்படியே வாசிப்பதற்குப் பெயர் பிரசன்டேஷன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதா நமக்கு?

அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004-லேயே மூத்த நிர்வாகிகள் கூட்டத்தில் பவர்பாயிண்டுக்குத் தடை போட்டுவிட்டார். பதிலுக்கு, முழு வாக்கியங்களில் எழுதிய குறிப்பு. ஆறு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் வாயைத் திறக்காமல் அதைப் படிப்பார்கள், பிறகுதான் பேச்சு. முன்கூட்டியே அனுப்பிவைத்தால் பலர் படித்ததுபோல நடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. (நான் உட்பட.) புள்ளி வைத்து நாலு சொல் போட்டால் யோசனையில் இருக்கும் ஓட்டை மறைந்துவிடும், வாக்கியமாக எழுதினால் பல்லிளிக்கும்.

அடுத்தது, நீட்டி முழக்குவது. 1924-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய, மேடைப் பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் நேரம் பார்க்கவே தனி ஆள் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுவார். "ஆ... ம்..." என்று இழுப்பதை எண்ண இன்னொருவர்! வழக்கமாக ஐந்து முதல் ஏழு நிமிடம்தான் ஒரு பேச்சு. சிவப்பு வந்தால் எப்பேர்ப்பட்டவரும் முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் ஆபீஸில் மேனேஜருக்குச் சிவப்பு அட்டை காட்டும் தைரியசாலி யார்? கமெண்டில் டேக் பண்ணுங்க.