ஐந்தாவது ஆள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் என் ரூமுக்கு வந்தபோது, "ஒரு இங்கிலீஷ் பாட்டுக் குரூப்பைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீ கேக்கறது பூரா இளையராஜா. இங்கிலீஷ் பேப்பர்ல ரெண்டு தடவை அரியர். உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றான். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அதனால்தான் கட்டுரையாக எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு டேப் ரெக்கார்டரில் ஆரம்பித்தது. போன வருடம் பொங்கல் லீவில் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது என் மாமாவின் பழைய செட் கிடைத்தது. நான் எலக்ட்ரானிக்ஸ் மாணவன் ஆச்சே, சும்மா விடுவேனா? ஹாஸ்டலுக்குத் தூக்கி வந்தேன். மோட்டார் பெல்ட் இழுவை விட்டுத் தொங்கிப் போயிருந்தது. புது பெல்ட் மாட்டி, ஹெட்டை ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, பட்டனை அமுக்கினேன். உள்ளேயே கிடந்த கேசட் சுற்ற ஆரம்பித்தது. ரூமே அதிர்ந்தது! கேசட் மேல் மாமாவின் கையெழுத்தில் 'பைவ்' என்று இருந்தது.

எங்கள் ரூமிலும் ஐந்து பேர். "மச்சான், நம்ம குரூப்புடா!" என்று ஒரே கும்மாளம். அன்றிலிருந்து எங்கள் ரூமுக்குப் பெயரே 'பைவ்' ஆகிவிட்டது. எங்களில் சின்னவனை எல்லோரும் 'குட்டி' என்று கூப்பிடுவோம். வயதிலும் சின்னவன், உருவத்திலும் சின்னவன்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "அதுவா மாப்ள! எங்க காலத்துல டி.வி.ல அடிக்கடி போடுவான். அஞ்சு பசங்க. வந்த வேகத்துல காணாமப் போயிட்டானுங்க" என்றார். வந்த வேகத்தில் ஏன் காணாமல் போனார்கள்? அந்தக் கேள்வி மண்டையைக் குடைய, தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இங்கிலாந்தில் பாப் ஹெர்பர்ட், கிறிஸ் ஹெர்பர்ட் என்று அப்பாவும் மகனுமாக இரண்டு மேனேஜர்கள். 1994-ல் ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவை ஆரம்பித்து வைத்தவர்கள் இவர்கள்தான். அடுத்த வருடமே அந்தப் பெண்கள் இவர்களை விட்டுப் போய்விட்டார்கள். பிறகு உலகமே கொண்டாடும் புகழ் பெற்றார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை! ஆனால் அப்பாவும் மகனும் சோர்ந்து உட்காரவில்லை. 1997-ல் 'தி ஸ்டேஜ்' என்ற நாடக உலகப் பத்திரிகையில், பாடவும் ஆடவும் தெரிந்த பையன்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். 3000 பேருக்கு மேல் வந்து நின்றார்கள். நம் கவுன்சலிங் கூட்டமெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்! அதிலிருந்து ஐந்து பேர் தேறினார்கள். ஜே பிரவுன், ஏப்ஸ், ரிச்சி நெவில், ஸ்காட் ராபின்சன், ஷான் கான்லன். ஐந்து பேர் என்பதால் குழுவின் பெயரும் பைவ்.

இதில் ஷான்தான் கடைக்குட்டி. அந்த வருடம் மே மாதம்தான் அவருக்கு 16 வயது நிறைந்தது. பத்தாவது முடித்துவிட்டு நாமெல்லாம் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு டிப்ளமோ சேர வந்தோமே, கிட்டத்தட்ட அந்த வயது!

ஐவரையும் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். 1997 டிசம்பரில் முதல் பாட்டு 'ஸ்லாம் டங்க்' வெளியானது. பிரிட்டனில் வாரா வாரம் எந்தப் பாட்டு அதிகம் விற்றது என்று பட்டியல் போடுவார்கள். அதில் 10-வது இடம். 1998-ல் வந்த முதல் ஆல்பம் நேரே முதல் இடத்துக்குப் போனது. அதே வருடம் அமெரிக்கப் பட்டியலிலும் ஒரு பாட்டு முதல் பத்துக்குள் நுழைந்தது. ஆனாலும் உள்ளூர்ப் பட்டியலில் ஒரு சோகம். அடுத்தடுத்து மூன்று பாட்டுகள் இரண்டாம் இடத்திலேயே நின்றுவிட்டன. ஒரு மார்க்கில் டிஸ்டிங்ஷன் போனவனுக்குத்தான் அந்த வலி புரியும். கடைசியில் 1999-ல் 'கீப் ஆன் மூவிங்' முதல் இடம் பிடித்தது. நிற்காமல் போய்க்கொண்டே இரு என்று பொருள். 2000-ல் 'பிரிட்' விருது. அந்த மேடையில் குயின் குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் இவர்களோடு சேர்ந்து வாசித்தார்கள். அந்தக் குழுவின் பழைய பாட்டையே இவர்கள் புதிதாகப் பாடி, அதுவும் முதல் இடத்துக்குப் போனது. மொத்தம் 11 பாட்டுகளைத் தனித்தனித் தட்டாக வெளியிட்டார்கள். 11-ம் முதல் பத்துக்குள். ஒரு அரியர்கூட இல்லை!

அப்படிப்பட்ட குழு 2001 செப்டம்பர் 27-ம் தேதி கலைந்துவிட்டது. முதல் பாட்டிலிருந்து கணக்குப் போட்டால் நான்கு வருடம்கூட முழுதாக இல்லை. டிப்ளமோ மூன்று வருடம். நாலு பேப்பர் அரியர் வைத்து முடிக்கிற காலத்துக்குள் அவர்கள் கதை முடிந்துவிட்டது. இவ்வளவையும் படித்துவிட்டு, "புகழ் தலைக்கேறியிருக்கும், சண்டை போட்டிருப்பானுங்க" என்று நானே ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் எங்கள் ரூமுக்கு வாருங்கள்.

பிப்ரவரி மாதம். குட்டி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். காலையில் எழுப்பினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். "என்னடா?" என்றால் "காய்ச்சல்டா" என்பான். தொட்டுப் பார்த்தால் சுடாது. சோம்பேறித்தனம் என்று நினைத்தோம். ஆனால் நண்பன் ஆச்சே! அட்டெண்டன்ஸ் போய்விடக் கூடாதே! பிராக்ஸி கொடுக்க ஆரம்பித்தோம். "நம்பர் 41?" என்று சார் கூப்பிட்டதும், நான் குனிந்துகொண்டு கட்டைக் குரலில் "எஸ் சார்!" என்பேன். என் சொந்த நம்பர் வரும்போது என் சொந்தக் குரல். லேப் நாட்களில் மட்டும், "காய்ச்சல் சார், நாளைக்கு வந்துடுவான்" என்று நாலு பேரும் ஒரே மாதிரி சொல்வோம். சாயங்காலம் ரூமுக்கு வந்து, "மாப்ள, இன்னிக்கும் உன்னைக் காப்பாத்திட்டோம்" என்று பெருமையடிப்போம். அவன் லேசாகச் சிரிப்பான். மெஸ்ஸில் அவன் தட்டு காலியாகவே இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அவன் பங்கு முட்டையை நான் எடுத்துச் சாப்பிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் வேண்டும்.

இப்படியே 19 நாள் ஓடியது.

ஒரு ராத்திரி, பைவ் குழுவின் 2001 வீடியோ ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். 'லெட்ஸ் டான்ஸ்' என்று பாட்டு. அதுவும் முதல் இடம் பிடித்ததுதான். ஆட்டம் பாட்டம் எல்லாம் அமர்க்களம். ஆனால் நான்கு பேர்தான் ஆடுகிறார்கள். ஐந்தாவது ஆள் எங்கே? நம்ம ஊர்த் தியேட்டர் வாசலில் கட்-அவுட் வைப்பார்களே, அந்த மாதிரி ஷானின் முழு உருவத்தை அட்டையில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள்! முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு ஏன் என்று தேடிப் பார்த்தேன். அப்போது வெளியே சொல்லப்பட்ட காரணம், காய்ச்சல். 2013-ல் 'தி பிக் ரீயூனியன்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் உண்மை வெளியே வந்தது. அந்த நாட்களில் தன் மனம் உடைந்து போயிருந்ததை ஷானே அதில் சொன்னார். 16 வயதில் ஆரம்பித்த ஓட்டம். 20 வயதில், இனி ஓட முடியாது என்று விழுந்துவிட்டார். அவர் இல்லாமலே பாட்டு ஹிட்டானது. சில வாரங்களில் குழுவே இல்லாமல் போனது.

காய்ச்சல்... எனக்குச் சுருக்கென்றது. போனை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இருட்டில் குட்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. 19 நாளாக வகுப்பில் நாங்கள் நிறுத்தி வைத்திருந்தது என்ன? என் கட்டைக் குரலில் செய்த ஒரு அட்டைதானே? அந்த அட்டை அங்கே நின்றதால், நிஜ ஆள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. சாருக்கும் தெரியவில்லை, அவன் வீட்டுக்கும் தெரியவில்லை.

கட்டிலில் போய் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "சாப்டியாடா?" என்றேன். அவ்வளவுதான். அழ ஆரம்பித்தான். விடியும்வரை பேசினான். பத்தாவது வரை தமிழ் மீடியம். இங்கே வந்து கணக்கு உட்பட மூன்று பேப்பர் அரியர். வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லியிருந்தான். அவன் அப்பா நகையை அடகு வைத்துப் பீஸ் கட்டியவர். ராத்திரி முழுக்கத் தூக்கம் வராது, பகலில் எழ முடியாது. "நான் இல்லாமலே நீங்க அட்டெண்டன்ஸ் போட்டுட்டீங்க. நான் இல்லைன்னா எதுவும் நிக்காதுன்னு தோணுச்சு" என்றான். எனக்கு அந்த வார்த்தை இன்னும் காதில் கேட்கிறது.

காலையில் நாலு பேரும் டியூட்டர் சாரிடம் போனோம். பிராக்ஸி உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டோம். சார் எங்களைத் திட்டினார். திட்டிக்கொண்டே அவன் அப்பாவுக்குப் போன் போட்டார். ராத்திரி பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். கையில் ஒரு பை நிறைய முறுக்கு. "காய்ச்சல்னாங்களே தம்பி?" என்று என்னைக் கேட்டார். என்னால் தலை நிமிர முடியவில்லை. அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். தூக்கத்துக்கும் மனதுக்கும் சிகிச்சை தேவை, கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்றார் டாக்டர். அவன் அப்பா கோபப்படவே இல்லை. "அடகு நகையை மீட்டுக்கலாம்டா. நீ வா" என்றார்.

நாங்கள் போட்ட பிரசென்ட் எல்லாம் ஆப்சென்ட் ஆனது. குட்டிக்கு ஒரு வருடம் போய்விட்டது. மூன்றாம் நாளே வாயைத் திறந்திருந்தால் அந்த வருடம் தப்பியிருக்குமோ என்னவோ! அந்தக் கணக்கை நான் அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன்.

பைவ் கதைக்கு மிச்சம் உண்டு. 2006-ல் ஷான் இல்லாமல் நால்வர் மறுபடி சேர்ந்து பார்த்தார்கள். இசைக் கம்பெனி எதுவும் ஒப்பந்தம் தராததால் 2007-லேயே கைவிட்டார்கள். 2013-ல் ஷான் வந்தார், ஜே வரவில்லை. 2025 பிப்ரவரியில்தான் ஐவரும் ஒன்றாக நின்று, மறுபடி மேடையேறப் போவதாக அறிவித்தார்கள். கலைந்து 23 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லோருக்கும் 40 வயது தாண்டிவிட்டது. அந்தப் படத்தில் ஷானைத் தேடிப் பார்த்தேன். இந்த முறை அட்டை இல்லை, ஆள்!

குட்டியும் ஜூனியர் செட்டோடு மறுபடி சேர்ந்துவிட்டான். கணக்கு அரியரை எழுதிப் பாஸ் செய்துவிட்டான். இந்தக் கட்டுரையை முதலில் அவனிடம்தான் படித்துக் காட்டினேன். "முட்டை மேட்டரையும் போடு" என்றான். போட்டுவிட்டேன். டேப் ரெக்கார்டர் இப்போது அவனிடம்தான் இருக்கிறது. பெல்ட் மறுபடி தளர்ந்துவிட்டதாம், வந்து பார்க்கச் சொல்கிறான்.

நண்பர்களே, அடுத்த வருடம் நான் இங்கே இருக்க மாட்டேன். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சார் நம்பர் கூப்பிடும்போது பக்கத்து பெஞ்சில் ஆள் இல்லையென்றால், அவனுக்காகக் குரல் கொடுக்காதீர்கள். மணி அடித்ததும் அவன் ரூமுக்குப் போங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை